ஃபோல்டர் ஏன் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை?

ஓய்வு பெற்றபின் மாமா கையில் எடுத்த வேலை, வீட்டிலிருக்கும் நிலப் பத்திரங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுவது. முதலில் பதிவுத்துறை இணையதளத்திலிருந்து வில்லங்கச் சான்றுகளை இறக்கி, முப்பது சொச்சம் பிடிஎஃப்பாக டி டிரைவில் 'பத்திரம்' என்று ஒரு ஃபோல்டரில் போட்டு வைத்தார். பெயர் ஒரு பத்தி, தேதி ஒரு பத்தி, அளவு ஒரு பத்தி என்று பேரேடு போலத் தெரிய வேண்டும் என்றார். டீடெயில்ஸ் வியூவுக்கு மாற்றி, தேதிப்படி அடுக்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பத்து நாள் கழித்துப் போன்.

"மாப்ள, நீ போட்டுக் குடுத்தது போச்சு. மறுபடியும் பொம்மை பொம்மையா வந்து நிக்குது. சர்வே நம்பரே தெரியல. இந்தப் பெட்டிக்கு மறதி வியாதியா?"

"நடுவுல ஏதாவது மாத்துனீங்களா மாமா?"

"நான் ஒண்ணையும் தொடல. கிரயப் பத்திரம், பட்டா, பழைய தீர்வை ரசீதுன்னு ஸ்கேன் பண்ணிப் பண்ணி உள்ள போட்டேன், அவ்வளவுதான்."

அந்த 'அவ்வளவுதான்'-இல்தான் விஷயம் இருந்தது. ஆனால் அங்கே போவதற்கு முன், விண்டோஸ் இதையெல்லாம் எங்கே எழுதி வைக்கிறது என்று தெரிந்தாக வேண்டும்.

ஒரு ஃபோல்டரைத் திறந்து, ஐகானைப் பெரிதாக்குகிறீர்கள், அல்லது பட்டியலாக மாற்றுகிறீர்கள், தேதிப்படி அடுக்குகிறீர்கள், ஒரு பத்தியை அகலமாக இழுத்து விடுகிறீர்கள். இவையெல்லாம் சேர்ந்ததுதான் அந்த ஃபோல்டரின் காட்சி அமைப்பு. இது ஃபோல்டருக்குள் சேமிக்கப்படுவதாகத்தான் நம்மில் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். விண்டோஸில் அப்படி இல்லை. அது ரெஜிஸ்ட்ரியில், அதாவது விண்டோஸ் தன் அமைப்புகளையெல்லாம் குறித்து வைக்கும் தரவுத்தளத்தில், உங்கள் யூசர் கணக்குக்கென்று உள்ள பகுதியில், தனியாக எழுதப்படுகிறது.

தையல் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சட்டையின் அளவு சட்டையில் எழுதியிருப்பதில்லை, டெய்லரின் நோட்டில் இருக்கிறது. அந்த நோட்டிலும் உங்கள் முகத்தை வரைந்து வைத்திருக்க மாட்டார். 'வடக்குத் தெரு, தண்ணீர்த் தொட்டிக்கு எதிர் வீடு' என்று விலாசம் போட்டு, அதற்கு நேராக அளவுகள். விலாசம் இருக்கும் வரை சிக்கல் இல்லை. வீடு மாறிப் போய் அந்தப் புது விலாசத்தைச் சொன்னால், அவருக்கு நீங்கள் புது வாடிக்கையாளர். மறுபடி டேப்பை எடுப்பார்.

விண்டோஸின் நோட்டு இரண்டு பாகமாக இருக்கிறது. ஒன்றின் பெயர் பேக்எம்ஆர்யூ, இன்னொன்று பேக்ஸ். முதலாவது விலாசப் புத்தகம். நீங்கள் திறந்த ஒவ்வொரு ஃபோல்டரும் மரத்தின் கிளைபோல, 'இந்தக் கம்ப்யூட்டர், அதற்குள் டி டிரைவ், அதற்குள் பத்திரம்' என்று அதில் பதிவாகிறது. ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு எண். அந்த எண்ணை வைத்து இரண்டாவது பாகமான பேக்ஸுக்குப் போனால், அந்த ஃபோல்டருக்கான பையில் ஐகான் அளவு, எந்த வியூ, எதை வைத்து வரிசை, பத்தி அகலம் எவ்வளவு எல்லாம் இருக்கும். 'பேக்' என்றால் உண்மையிலேயே பைதான். பல பொருள்களைப் போட்டுவைத்த பை.

முதலாவது பாகத்தின் பெயரில் உள்ள எம்ஆர்யூ என்பது 'மிகச் சமீபத்தில் பயன்படுத்தியது' என்பதன் சுருக்கம். நோட்டுக்கு இத்தனை பக்கம் என்று ஒரு வரம்பு உண்டு. நிரம்பிவிட்டால், நெடுநாளாக எட்டிப் பார்க்காத ஃபோல்டரின் பக்கத்தைக் கிழித்துப் புதிதாக வந்தவருக்குக் கொடுத்துவிடும். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் இந்த வரம்பு 400-தான். பின்னால் வந்தவற்றில் 5000. 'யாரிடம் ஐயாயிரம் ஃபோல்டர் இருக்கிறது' என்று தோன்றும். நீங்கள் உருவாக்கிய ஃபோல்டர் மட்டும் கணக்கில் வருவதில்லை. திறந்து பார்த்த ஜிப் ஃபைல், செருகிய பென்டிரைவில் நுழைந்த ஒவ்வொரு அறை, கேபிளில் மாட்டிய செல்போனுக்குள் போய் வந்த இடம், கன்ட்ரோல் பேனல் எல்லாமே ஒவ்வொரு பக்கத்தைத் தின்னும். கல்யாண ஆல்பம் செய்யும் ஸ்டுடியோ ஒன்றில், ஒரு நிகழ்ச்சிக்கு முப்பது ஃபோல்டர் என்று வைத்தால்கூட, சில வருஷத்தில் நோட்டு நிரம்பிவிடும். அதன்பின் 'நேற்று வரை சரியாக இருந்ததே' என்கிற புகார் அங்குமிங்குமாக வர ஆரம்பிக்கும். எந்த ஃபோல்டர் போகும் என்று சொல்ல முடியாது என்பதால்தான் இது பைத்தியம் பிடிக்க வைக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நாம் மறதி மறதி என்று திட்டுகிற இதே நோட்டைத்தான் கணினித் தடயவியல்காரர்கள் 'ஷெல்பேக்ஸ்' என்று பெயர் சொல்லித் தேடிப் பிடிக்கிறார்கள். ஃபோல்டரை அழித்தாலும் நோட்டிலிருக்கும் அதன் விலாசம் உடனே அழிவதில்லை. என்றோ செருகிப் பிடுங்கிய பென்டிரைவில் என்ன பெயரில் ஃபோல்டர் இருந்தது, அதை இந்தக் கணக்கில் யாரோ திறந்தார்களா என்பதெல்லாம் அதில் கிடக்கும். மாமா ஆசையாக வைத்த டீடெயில்ஸ் வியூவைக் காணோம், ஆனால் போன வருஷம் அவர் அழித்த ஃபோல்டரின் பெயர் பத்திரமாக இருக்கிறது!

சரி, விலாசத்துக்கு வருவோம். வரம்பு நிரம்பாமலேயே அமைப்பு காணாமல் போவதற்குப் பெரும்பாலும் விலாசம் மாறியதுதான் காரணம். ஃபோல்டரின் பெயரை மாற்றினீர்களா? வேறு டிரைவுக்கு நகர்த்தினீர்களா? பென்டிரைவ் நேற்று இ டிரைவாக வந்தது, இன்று எஃப் டிரைவாக வந்ததா? ஆபீஸில் சர்வரிலிருக்கும் ஒரே ஃபோல்டரை ஒருநாள் இசட் டிரைவ் வழியாகவும், மறுநாள் சர்வர் பெயரைத் தட்டச்சு செய்தும் திறந்தீர்களா? நமக்கு இவை எல்லாம் ஒரே வீடு. நோட்டுக்கு ஒவ்வொன்றும் வேறு விலாசம். விண்டோஸ் 7-இல் லைப்ரரி வழியாகப் போனால் ஒரு தோற்றம், நேரடியாக சி டிரைவுக்குள் நுழைந்து போனால் வேறு தோற்றம் என்று பலர் குழம்பியதும் இதனால்தான்.

மாமா பெயரையும் மாற்றவில்லை, இடத்தையும் மாற்றவில்லை. அவர் கதை வேறு.

விண்டோஸ் ஒவ்வொரு ஃபோல்டரையும் ஒரு சாதியில் சேர்த்துவிடும். பொதுவானது, டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், மியூசிக், வீடியோஸ் என்று ஐந்து. ஒவ்வொன்றுக்கும் தனித் தோற்றம். மியூசிக் என்று முடிவு கட்டினால் பாடகர் பெயர், ஆல்பம் பெயர் என்று பத்திகள் வரும். பிக்சர்ஸ் என்றால் பெரிய ஐகான்கள். இந்த முடிவை நீங்கள் எடுப்பதில்லை. உள்ளே இருக்கும் ஃபைல்களைப் பார்த்து அதுவாக எடுக்கும். இதற்கு மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் பெயர் தானியங்கி வகை கண்டறிதல். ஆனால் ரெஜிஸ்ட்ரிக்குள் போய்ப் பார்த்தால் உண்மைப் பெயர் தெரியும்: 'ஸ்னிஃப்டு ஃபோல்டர் டைப்'. மோப்பம் பிடித்த வகை! எழுதிய புரோகிராமருக்கு மனசாட்சி இருந்திருக்கிறது.

மாமாவின் ஃபோல்டரில் நான் வேலை செய்த அன்று முப்பது பிடிஎஃப் இருந்தது. அதன்பின் அவர் ஸ்கேன் செய்து போட்டதெல்லாம் ஜேபிஜி, இருநூறுக்கு மேல். விண்டோஸ் மறுபடி மோந்து பார்த்தது. படம் படமாக இருக்கிறது, ஆக இது சுற்றுலா போட்டோ ஃபோல்டர் என்று முடிவு கட்டிவிட்டது. 1962-ஆம் வருஷத்துத் தீர்வை ரசீதுக்கும் ஊட்டி போட்டோவுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது.

அடுத்த முறை போனபோது ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறந்து அந்தப் பையைத் தேடிப் பிடித்தேன். அதற்குள் நீளமான, வாயில் நுழையாத எண்ணும் எழுத்தும் கலந்த பெயர்களில் இரண்டு பக்கங்கள் இருந்தன. வகைக்கு ஒரு பக்கம். முதல் பக்கத்தில் 'மோடு' என்ற இடத்தில் 4. டீடெயில்ஸ் வியூவுக்கான எண் அது. நான் போட்டுக் கொடுத்தது அப்படியே இருந்தது. இரண்டாவது பக்கத்தில் மோடு 1, ஐகான் அளவு 96. அதாவது 96 பிக்சலில் பெரிய ஐகான்கள். மோப்பம் மாறியதும் விண்டோஸ் முதல் பக்கத்தை மூடிவிட்டு இரண்டாவது பக்கத்தைத் திறந்திருக்கிறது. மாமாவுக்கு மடிக்கணினித் திரையில் விரல் வைத்துக் காட்டினேன்.

"அப்ப அழியலையா?"

"இல்ல மாமா. இங்கதான் இருக்கு. பார்க்கத்தான் மாட்டேங்குது."

"இருந்தும் பிரயோஜனம் இல்லாத ஞாபகம்" என்றார். அவர் வேறு யாரையோ நினைத்துக்கொண்டு சொன்னமாதிரி இருந்தது. அத்தை அடுப்படியில் இருந்தார்.

இப்போது சரிசெய்யும் வழிகள். எளிதானதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

ஒரே ஒரு ஃபோல்டர்தான் தொல்லை என்றால், அதன்மேல் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் போய், கஸ்டமைஸ் என்ற தாவலைத் திறங்கள். 'ஆப்டிமைஸ் திஸ் ஃபோல்டர் ஃபார்' என்று ஒரு பெட்டி இருக்கும். அதில் 'ஜெனரல் ஐட்டம்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். கீழே உள்ள கட்டத்தில் டிக் போட்டால் உள்ளேயுள்ள துணை ஃபோல்டர்களுக்கும் சேர்த்துப் பொருந்தும். மோந்து பார்க்காதே, இது பொதுவான ஃபோல்டர்தான் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது போல. இந்த ஒரு விவரத்தை மட்டும் விண்டோஸ் தன் நோட்டில் எழுதாமல், ஃபோல்டருக்குள்ளேயே டெஸ்க்டாப் டாட் ஐஎன்ஐ என்ற மறைவான ஃபைலில் எழுதுகிறது. மாமாவுக்கு இதிலேயே முக்கால் வேலை முடிந்தது.

எல்லா ஃபோல்டரும் ஒரே மாதிரி வேண்டும் என்றால், ஒன்றைப் பிடித்த மாதிரி அமைத்துவிட்டு, ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் வியூ தாவலுக்குப் போய் 'அப்ளை டு ஃபோல்டர்ஸ்' என்ற பட்டனை அழுத்த வேண்டும். இங்கேதான் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ஏமாறுவார்கள். பெயரைப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் போய்ச் சேரும் என்றுதானே தோன்றும்? இல்லை. நீங்கள் நிற்கும் ஃபோல்டர் எந்த வகையோ, அந்த வகை ஃபோல்டர்களுக்கு மட்டும்தான். டாக்குமென்ட்ஸ் வகையில் நின்று அழுத்தினால் பிக்சர்ஸ் வகை பழையபடியே இருக்கும். ஐந்து வகைக்கும் ஐந்து முறை செய்ய வேண்டும்.

டவுன்லோட்ஸ் ஃபோல்டர் தனி ரகம். 2019-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பிலிருந்து அது 'இன்று, நேற்று, இந்த வாரத் தொடக்கத்தில்' என்று தேதிவாரியாகக் கூறு கட்டிக் காட்ட ஆரம்பித்தது. பெயர்வாரியாக அடுக்கினாலும் கூறுக்குள்தான் அடுக்கும், கூறு கலையாது. காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து 'குரூப் பை' போய் 'நன்' என்று கொடுத்தால் கலைந்துவிடும்.

மோப்பத் தொழிலையே நிறுத்த வேண்டும் என்பவர்களுக்கு ரெஜிஸ்ட்ரி வழி உண்டு. புதியவர்கள் தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் கரன்ட் யூசர் கிளையில் சாஃப்ட்வேர், கிளாஸஸ், லோக்கல் செட்டிங்ஸ், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஷெல் என்று படிப்படியாக இறங்கினால் பேக்ஸும் பேக்எம்ஆர்யூவும் கண்ணில் படும். முதலில் ஷெல் என்பதன்மேல் ரைட் கிளிக் செய்து எக்ஸ்போர்ட் கொடுத்து ஒரு நகல் எடுத்து வையுங்கள். டெஸ்க்டாப்பில் ஐகான்களை எங்கெங்கே வைத்திருக்கிறீர்கள் என்பது, கரன்ட் யூசர் கிளையில் சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஷெல் என்று நேராக இறங்கினால் வரும் இன்னொரு பேக்ஸில் இருக்கிறது. இடம் மாறி அதை அழித்தால் பூஜையறைப் படம்போல ஒழுங்காக வைத்திருந்த ஐகானெல்லாம் இடது ஓரத்தில் போய் ஒதுங்கிவிடும்.

நகல் எடுத்தபின் பேக்ஸ், பேக்எம்ஆர்யூ இரண்டையும் அழியுங்கள். பிறகு புதிதாக பேக்ஸ், அதற்குள் ஆல்ஃபோல்டர்ஸ், அதற்குள் ஷெல் என்று மூன்று கீ (ரெஜிஸ்ட்ரிக்குள் ஃபோல்டர் போலத் தெரியும் பிரிவு) உருவாக்கி, கடைசிக் கீயில் 'ஃபோல்டர்டைப்' என்ற பெயரில் ஒரு ஸ்டிரிங் (எழுத்தாக எழுதும் மதிப்பு), அதன் மதிப்பு 'நாட்ஸ்பெசிஃபைடு' என்று கொடுங்கள். பெயர்களை எல்லாம் இடைவெளி விடாமல் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். டாஸ்க் மேனேஜரில் விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரை ரீஸ்டார்ட் செய்தால் முடிந்தது. இனி எந்த ஃபோல்டரும் பொதுவானதுதான். மேலே இருந்த ஷெல் கீயிலேயே 'பேக்எம்ஆர்யூ சைஸ்' என்ற எண்ணை ஏற்றிவிட்டால் நோட்டின் பக்கமும் கூடும். 20000 என்று வைத்துக்கொள்பவர்கள் உண்டு.

ஒரு எச்சரிக்கை. கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்து வேகமாக்கித் தருவதாகச் சொல்லும் மென்பொருள்கள் சில, இந்த நோட்டையும் 'பழைய குப்பை' என்று கிழித்துவிடும். நானே ஒன்றைப் போட்டுவிட்டு, ஞாயிறுதோறும் என் ஃபோல்டர்கள் ஏன் குழம்புகின்றன என்று இரண்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன். அது ஞாயிற்றுக்கிழமை தானாக ஓடும்படி அமைத்தது நான்தான்.

மேக் வைத்திருப்பவர்கள் சிரிக்க வேண்டாம். ஆப்பிள் நேர்எதிர் வழியில் போனது. அளவைச் சட்டைக் காலரிலேயே எழுதித் தைத்துவிடும். மேக்கில் ஃபோல்டர்களைத் திறந்து காட்டும் ஃபைண்டர், ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் டிஎஸ் ஸ்டோர் என்று ஒரு மறைவான ஃபைலை வைக்கிறது. டெஸ்க்டாப் சர்வீசஸ் ஸ்டோர் என்பதன் சுருக்கம் அது. ஃபோல்டர் எங்கே போனாலும் அமைப்பும் கூடவே போகும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மேக்கில் பயன்படுத்திய பென்டிரைவை விண்டோஸில் செருகினால், 'இது என்ன ஃபைல், வைரஸா?' என்று கேள்வி வரும். ஆபீஸில் பொதுவான ஃபோல்டரில் ஒருவர் செய்து வைத்த ஒழுங்கு அடுத்தவர் தலையில் விடியும். எழுத அனுமதி இல்லாத இடத்தில் எதையும் நினைவில் வைக்க வழியே இல்லை. போதாததற்கு, ஏற்கெனவே திறந்திருக்கும் ஜன்னலின் வியூவையே அடுத்த ஃபோல்டருக்கும் இழுத்துக்கொண்டு போகும் பழக்கம் ஃபைண்டருக்கு உண்டு. கமாண்ட் விசையோடு ஜே அழுத்தி, 'ஆல்வேஸ் ஓபன் இன்' என்று தொடங்கும் கட்டத்தில் டிக் போட்டால்தான் அந்த ஃபோல்டர் சொன்ன பேச்சைக் கேட்கும். அங்கேயே 'யூஸ் ஆஸ் டிஃபால்ட்ஸ்' பட்டனும் இருக்கும்.

லினக்ஸில், கேடிஇ என்ற டெஸ்க்டாப்போடு வரும் ஃபைல் மேனேஜரான டால்ஃபின் எனக்குப் பிடித்தது. எல்லா ஃபோல்டருக்கும் ஒரே தோற்றமா, ஒவ்வொன்றுக்கும் தனித் தோற்றமா என்று தன் அமைப்புகளிலேயே நேராக நம்மிடம் கேட்டுவிடும். இந்த ஒரு கேள்வியை விண்டோஸ் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை.

எக்ஸ்பி பழகியவர்களுக்கு இன்னொரு ஏக்கம் இருக்கும். அப்போது ஒவ்வொரு ஃபோல்டரின் ஜன்னலும் திரையில் எந்த இடத்தில், எவ்வளவு பெரிதாக இருந்தது என்பதுகூட நினைவில் இருந்தது. விண்டோஸ் 7 அதை விட்டுவிட்டது. கடைசியாக மூடிய ஜன்னலின் அளவிலேயே எல்லாம் திறக்கும். இதற்கு ரெஜிஸ்ட்ரி வைத்தியம் தேடி அலைய வேண்டாம். ஒளிந்திருக்கும் அமைப்பு அல்ல, எடுத்தே விட்டார்கள்.

மாமாவுக்கு எல்லாம் செய்து கொடுத்து மூன்று வாரம் நிம்மதியாகப் போனது. பிறகு பட்டா மாறுதலுக்கு விண்ணப்பிக்கப் போய் மறுபடி போன்.

"ஃபோல்டர் நல்லாத்தான் இருக்கு மாப்ள. ஆனா அந்த அப்லோடு பட்டனை அமுக்குனா வர்ற சின்ன ஜன்னல் இருக்கே, அதுல அதே ஃபோல்டர் பழையபடி பொம்மையா வருது."

"அது வேற நோட்டு மாமா. ஃபைல் எடுக்கச் சொல்லித் திறக்குற ஜன்னலுக்குத் தனியா எழுதி வைக்கும். அந்தச் சின்ன ஜன்னலுக்குள்ளயே காலி இடத்துல ரைட் கிளிக் பண்ணி, வியூ, டீடெயில்ஸ் குடுங்க."

கொஞ்ச நேரம் மௌனம். கிளிக் சத்தம் கேட்டது.

"வந்துருச்சு. எத்தனை நோட்டுடா வச்சிருக்கு இது?"

"ஃபோல்டர் ஜன்னலுக்கு ஒண்ணு, இந்தச் சின்ன ஜன்னலுக்கு ஒண்ணு..."

"சரி சரி, வை. முதல்ல பட்டாவை ஏத்திக்கிறேன்" என்று போனை வைத்துவிட்டார்.